'குட் டச், பேட் டச்' எங்கிருந்து வந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய சங்கதி எதுவும் இதில் இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. "டீச்சர், பிள்ளைங்களுக்கு குட் டச், பேட் டச் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு பீரியடு. படம் போட்டுக் காட்டி, நாலு வார்த்தை பேசி, போட்டோ எடுத்து குரூப்ல போடணும். எனக்கு வாயே வரமாட்டேங்குது. நீங்கல்லாம் அந்தக் காலத்துல எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?" என்றாள்.

நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பதுதான் பதில். உங்களில் பலருக்கு என் வகுப்பறையில் தொங்கிய 'உடல் உறுப்புகள்' படம் நினைவிருக்கும். தலையில் ஆரம்பித்து கண், காது, மூக்கு, கழுத்து, மார்பு, வயிறு என்று பிரம்பால் தொட்டுக் காட்டுவேன், நீங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வீர்கள். வயிற்றுக்கு அடுத்தது முழங்கால். நடுவில் இருந்த இடத்துக்குப் படத்திலும் பெயர் இல்லை, என் வாயிலும் பெயர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கல்வி உளவியல் படித்தோம், மாதிரிப் பாடம் நடத்தினோம், துணைக்கருவி செய்தோம். இதைப் பற்றி ஒரு சொல் காதில் விழுந்ததில்லை.

அவளிடம் "ஒரு வாரம் டைம் கொடு கண்ணு" என்றேன். பேத்தி தேடிக் கொடுத்த ஆங்கிலக் கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு வாரம் ஒன்றரை மாதமானது. படித்ததை அவளிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லலாம் என்று தோன்றியது. உங்களில் பாதிப்பேர் இப்போது அப்பா அம்மா, ஐந்தாறு பேர் வாத்தியார்.

நம் காலத்தில் பாதுகாப்புப் பாடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பிள்ளை பிடிக்கிறவன் கதைதான். சாக்குப் பையோடு வருவான், மிட்டாய் கொடுப்பான், பாலம் கட்டும்போது பலி கொடுக்கத் தூக்கிக்கொண்டு போவான். எந்தப் புதுப் பாலம் வந்தாலும் ஊரில் இந்தப் பேச்சு எழும். இது நம் ஊர் மூடநம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவிலும் இதே கதையைத்தான் வேறு சட்டை போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். 1979 மே மாதம் நியூயார்க்கில் ஈட்டன் பாட்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன் பள்ளிப் பேருந்துக்கு நடந்து போனபோது காணாமல் போனான். அதற்குப் பிறகு வந்த வருடங்களில், காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பால் அட்டைப் பெட்டிகளில் அச்சிட்டார்கள். காலையில் பால் ஊற்றும்போதெல்லாம் ஒரு பிள்ளையின் முகம். தெரியாத ஆளிடம் பேசாதே என்பதே வீட்டுக்கு வீடு பாடம்.

ஆனால் அதே வருடங்களில் வேறொரு இடத்தில் வேறொரு உண்மை தெரிய ஆரம்பித்திருந்தது. 1970-களில் அங்கே பெண்கள் இயக்கத்தினர், வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்களுக்கான உதவி மையங்களைத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் நேற்று நடந்ததைப் பேச வந்து, சின்ன வயதில் நடந்ததைப் பேசினார்கள். அப்படிச் செய்தவன் சாக்குப் பைக்காரன் அல்ல. சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லிக் கொடுத்தவர் என்று தெரிந்த ஆட்கள். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவந்த கதை, ஆபத்து இல்லாத திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் கார்டீலியா ஆண்டர்சன் வருகிறார். மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரம் இருக்கும் ஹென்னெபின் கவுண்டியில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1970-களின் கடைசியில், பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது என்று யோசித்து 'தொடுதல் கோடு' என்ற ஒன்றை உருவாக்கினார். ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையில் மனசுக்கு இதமான தொடுதல்: அம்மா தலை கோதுவது, தோழி கை கோப்பது. மறு முனையில் பிள்ளையைப் பயன்படுத்திக்கொள்ளும் தொடுதல். இரண்டுக்கும் நடுவில் குழப்பமான தொடுதல். கிச்சுகிச்சு மூட்டுவதில் ஆரம்பித்து எங்கோ போவது, அன்பா இல்லையா என்று புரியாதது, பிடிக்காவிட்டாலும் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்வது எல்லாம் இந்த நடுப்பகுதி. மினியாபொலிஸின் இல்யூஷன் தியேட்டர் என்ற நாடகக் குழு இதை 'டச்' என்ற பெயரில் நாடகமாக்கிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது.

நமக்கு வந்து சேர்ந்த குட் டச், பேட் டச் இந்தக் கோட்டின் இரண்டு முனைகள்தான். பாடம் ஊர் ஊராகப் போகப் போக, சுலபமாகச் சொல்ல வேண்டும் என்று நடுவில் இருந்ததை வெட்டிவிட்டார்கள். எனக்கு இதில்தான் ஆற்றாமை. பிள்ளைகள் தவிப்பது நடுவில்தானே? நல்லதை நல்லது என்றும் அடியை அடி என்றும் அவர்களுக்கே தெரியும்.

'கெட்ட தொடுதல்' என்று சொல்லிவிட்டால் பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? ஊசி போடுவது வலிக்கிறது, அதனால் டாக்டர் கெட்டவர். அப்பா முதுகில் ஒன்று போட்டார், அதுவும் கெட்டது. இந்த மாமா மெதுவாகத் தடவுகிறார், வலிக்கவில்லை, பொம்மையும் வாங்கிக் கொடுத்தார், அப்படியானால் இது நல்லது. இன்னொரு கொடுமையும் உண்டு. கெட்டது என்ற சொல்லை நாம் பிள்ளைகளைத் திட்டத்தான் பயன்படுத்துகிறோம். கெட்ட தொடுதல் நடந்துவிட்டால், தான் கெட்ட பிள்ளை ஆகிவிட்டோம் என்று ஒடுங்கிப் போகிற பிள்ளை இருக்கிறது. இப்போது பலர் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்று மாற்றிச் சொல்வது இதனால்தான்.

சாண்டி வுர்ட்டெலி என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதைச் சோதித்தே பார்த்தார். பள்ளியில் சேரும் வயதுக்கும் குறைந்த குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 'உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அதை வைத்து முடிவு செய்' என்றும், மறு பிரிவுக்கு 'உன் அந்தரங்க உறுப்புகளை, சுத்தம் செய்யவோ வைத்தியத்துக்கோ தவிர, பெரியவர்கள் யாரும் தொடக் கூடாது' என்று நேரான விதியாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். விதியாகக் கேட்ட குழந்தைகள்தான் தப்பான தொடுதலைச் சரியாக அடையாளம் கண்டார்கள். படம் பார்த்த பிள்ளைகளைவிட, நடித்துப் பழகிய பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டதையும் அவர் காட்டினார். ஒன்றாம் வகுப்பு எடுத்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. 'மனசுக்குச் சரியென்று பட்டால் ரோட்டைக் கடந்து போ' என்றா சொல்லிக் கொடுத்தோம்? வலது பக்கம் பார், இடது பக்கம் பார் என்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடக்க வைத்தோம்.

உறுப்புகளுக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பதும் அவர் பாடத்தில் உண்டு. என் சுவரில் தொங்கிய படத்தை அப்போது நினைத்துக்கொண்டேன். பெயரே இல்லாத இடத்தில் நடந்ததைப் பிள்ளை எந்த வார்த்தையால் சொல்லும்?

மினியாபொலிஸில் நாடகம் தொடங்கிய அதே காலத்தில், ஒகாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இன்னொரு முயற்சி. அங்கே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வன்புணர்ச்சிக்கு ஆளானாள். மற்றப் பிள்ளைகள் மிரண்டு போயிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் பள்ளி, 'வன்புணர்ச்சிக்கு எதிரான பெண்கள்' என்ற அமைப்பிடம் உதவி கேட்டது. 1978-இல் அவர்கள் உருவாக்கியதுதான் குழந்தைகள் மீதான தாக்குதல் தடுப்புத் திட்டம். பாதுகாப்பாக இருக்க, பலமாக இருக்க, சுதந்திரமாக இருக்க உனக்கு உரிமை உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லி, வம்புக்கு வரும் பெரிய பையன், தெரியாத ஆள், தெரிந்த பெரியவர் என்று மூன்று விதமாக நடித்துக் காட்டினார்கள். தொண்டையிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு கத்தலையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, பிள்ளைகளிடம் போவதற்கு முன்பே ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இரண்டு, வகுப்பு முடிந்ததும் விருப்பப்பட்ட பிள்ளை தனியாக வந்து பேச நேரம் ஒதுக்கினார்கள். பாடத்தில் சந்தேகம் கேட்கலாம், வேறு எதையும் சொல்லலாம். நம் ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு பீரியடு வகுப்பில் இந்த இரண்டும் கிடையாது. ஸ்மார்ட் போர்டில் படம் ஓடும், மணி அடிக்கும், அடுத்தது கணக்கு.

கலிபோர்னியாவில் அரசே இதைச் சட்டமாக்கியது. 1984-இல் மாக்சின் வாட்டர்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால், பால்வாடி வயதிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை இந்தப் பயிற்சிக்கு மாநில அரசு பணம் ஒதுக்கியது. எதிர்ப்பும் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நீல் கில்பர்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்து, மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியவில்லை என்றும், தன்னைக் காத்துக்கொள்ளும் சுமையைப் பிஞ்சின் தலையில் ஏற்றுகிறோம் என்றும் எழுதினார்கள். 1990-இல் அந்தப் பணம் நின்றது. பணத்தை நிறுத்தியது தப்பு என்பதே என் கட்சி. ஆனால் சுமையைப் பற்றிக் கேட்ட கேள்வி சரியான கேள்வி. மிட்டாய் வாங்காதே, வேண்டாம் என்று சொல், கத்து, ஓடு என்று நாம் சொல்லும் எல்லா வினைச்சொல்லுக்கும் எழுவாய் குழந்தைதான். பெரியவன் எழுவாயாக வரும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

சரி, இந்தப் பாடத்தால் பலன் உண்டா? 2000-இல் கிப்சன், லைட்டன்பெர்க் என்ற இருவர் 825 கல்லூரி மாணவிகளிடம் கேட்டார்கள். பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு இருந்தது என்றவர்களில் 8 சதவீதம் பேர் பிறகு பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். வகுப்பே இல்லாதவர்களில் 14 சதவீதம். நினைவில் இருந்து சொன்ன கணக்கு, அதனால் முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே வருடம் வெளியான இன்னோர் ஆய்வு, 27 பாடத்திட்டங்களைச் சேர்த்துப் பார்த்து, மூன்று அமர்வுக்கு மேல் நடப்பதும் பிள்ளைகள் எழுந்து நின்று செய்து பழகுவதும்தான் அதிகம் தங்குகிறது என்றது. 2015-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பல நாடுகளில் 5,802 பிள்ளைகளிடம் நடந்த 24 சோதனைகளைத் தொகுத்தது. பிள்ளைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடுகின்றன, வீண் பயம் கூடுவதில்லை என்று கண்டார்கள். 'இதையெல்லாம் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தாதே' என்று சொல்லும் நம் பெரியம்மாக்களுக்கு இது பதில். ஆனால் கொடுமையே குறைகிறதா என்பதை எந்தச் சோதனையும் போதிய காலம் பின்தொடர்ந்து அளக்கவில்லை என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பில் ஓர் எண்ணின் மேல் நான் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு இல்லாத இடத்தில் ஆயிரத்தில் 4 பிள்ளைகள் தனக்கு நடந்ததை வெளியே சொன்னார்கள். வகுப்பு நடந்த இடத்தில் ஆயிரத்தில் 14. இதை உறுதியான கணக்காகக் கொள்ள வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. இருக்கட்டும். அந்தப் பத்துப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? பாதிப்பேராவது டீச்சரிடம் சொல்லியிருப்பார்கள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றாள். ஊரும் வருடமும் சொல்ல மாட்டேன். கமெண்டில் யாரும் கேட்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளியில் தண்ணீர்க் குழாய் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வகுப்புப் பானைக்குத் தண்ணீர் எடுத்துவர, முறை வைத்துப் பிள்ளைகளை அனுப்புவோம். ஒருநாள் முறை வந்தவள் குடத்தைத் தொடாமல் நின்றாள். "நான் போகல டீச்சர். அந்தத் தாத்தா சரியில்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவங்கள அப்படிப் பேசலாமா? வாய் ரொம்ப நீளுது உனக்கு." அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. தண்ணீர் முறை வரும் நாளில்தான் வந்தது. அதையும் நான் கவனிக்காமல் இல்லை. சோம்பேறி என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

முப்பது வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். கூடவே அவள் மகள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் 'வாடி, தாத்தா மடியில உட்காரு' என்று கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்தது. "அவளுக்கு இஷ்டமில்ல, விட்டுருங்க" என்றாள் இவள், எல்லார் முன்னாலும். அந்தப் பெரியவர் முகம் சுருங்கியது. இவள் என் பக்கம் திரும்பி, "நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் டீச்சர் சொன்னேன். உங்ககிட்ட" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என்ன பரிமாறினார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

நம் நாட்டில் இதைப் பொதுவில் பேச ஆரம்பித்ததே அண்மையில்தான். ஆதரவற்ற பிள்ளைகளுக்கான 1098 தொலைபேசி உதவி 1996-இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் திட்டமாகத் தொடங்கியது. 2000-இல் பிங்கி விரானி 'பிட்டர் சாக்லேட்' என்ற புத்தகத்தில் தனக்கு நடந்ததையும் சேர்த்தே எழுதினார். 2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு அறிக்கை வெளியிட்டது. ஏதாவது ஒரு விதத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். பாதிக்குப் பாதி, செய்தவர் பிள்ளைக்குத் தெரிந்தவர், பிள்ளை நம்பியிருந்தவர். ஆளான பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள்!

அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. 'அதெல்லாம் வடக்கே' என்று சொல்லத் துடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்கு முந்தைய வருடமே சென்னையில் 'துளிர்' அமைப்பு, 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் விசாரித்திருந்தது. 42 சதவீதம். அங்கேயும் பையன்களின் விகிதம்தான் கூடுதல். இன்றும் பல பள்ளிகளில் இந்த வகுப்புக்குப் பெண் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து, பையன்களை விளையாட அனுப்பிவிடுகிறார்கள். தனக்கு நடந்ததைச் சொல்லவும் அவனுக்கு வழியில்லை, அடுத்தவர் உடம்பை மதிக்கக் கற்கவும் வழியில்லை.

அந்த 2007-லேயே வளரிளம் பருவக் கல்வி வேண்டாம் என்று மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் தடை போட்டன. ஒரு கை கணக்கெடுத்தது, மறு கை புத்தகத்தை மூடியது. பிறகு 2012 மே மாதம் ஆமிர் கானின் 'சத்யமேவ ஜயதே' நிகழ்ச்சியில் அவர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, எந்த இடங்களை மற்றவர் தொடக் கூடாது என்று பேசியது வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. அதே வருடம் நவம்பர் 14-இல், குழந்தைகள் தினத்தன்று, போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது.

போக்சோவில் தண்டனைகளைப் பற்றித்தான் பத்திரிகையில் எழுதுகிறார்கள். எனக்கு 19-ஆம் பிரிவுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்சினால்கூட, எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். ஒரு நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. முதன்முறையாக எழுவாய் இடத்தில் பெரியவரைக் கொண்டுவந்து உட்காரவைத்த வாக்கியம் இதுதான். அன்று எனக்கு இந்தச் சட்டம் இல்லை என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு குடத்தை வேறு வீட்டுக்கு அனுப்ப எனக்குச் சட்டமா வேண்டியிருந்தது?

இனி, நியூயார்க்கில் நடந்த ஒரு சோதனை. என் மாணவியிடம் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். 2009, 2010 வாக்கில் அங்கே 30 நடுநிலைப் பள்ளிகளில், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 2,500-க்கும் மேற்பட்டவர்களிடம் 'எல்லைகளை மாற்றுதல்' என்ற திட்டத்தை நடத்தினார்கள். சில பள்ளிகளில் வகுப்புப் பாடம் மட்டும். சில பள்ளிகளில் பாடமே இல்லாமல் கட்டடத்தில் மட்டும் வேலை. சிலவற்றில் இரண்டும். சிலவற்றில் வழக்கம் போல எதுவும் இல்லை. கட்டடத்தில் வேலை என்றால் என்ன? பள்ளியின் வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, பயமில்லாத இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு, இடைப்பட்டதற்கு மஞ்சள் தீட்டச் சொன்னார்கள். சிவப்பு விழுந்த இடங்களில் பெரியவர்கள் போய் நின்றார்கள். தொல்லை கொடுத்த பிள்ளையிடம், இன்னாரை இவ்வளவு தூரத்துக்கு நெருங்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். சுவரொட்டி ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பாலியல் வன்முறை குறைந்தது கட்டடத்தில் வேலை நடந்த பள்ளிகளில்தான். வகுப்புப் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் அந்தக் குறைவு இல்லை. முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியே சம்பளம் வாங்கியவளுக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்தது. ஆனால் யோசித்தால் புரிகிறது. பாடம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை அதே இருட்டுச் சந்து வழியாகத்தானே கழிப்பறைக்குப் போக வேண்டும்?

கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. கனடாவில் சார்லீன் சென் என்ற பேராசிரியை, மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் 893 பேரிடம் ஒரு பயிற்சியைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார். ஒரு பிரிவுக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள். அறிமுகமானவனிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காண்பது, 'அவன் மனசு நோகுமே' என்ற தயக்கத்தை உதறுவது, வாயாலும் கையாலும் எதிர்ப்பது. மறு பிரிவுக்கு, எல்லாக் கல்லூரியிலும் கொடுப்பது போலத் துண்டுப் பிரசுரம். ஒரு வருடத்தில் வன்புணர்ச்சிக்கு ஆளானவர்கள், பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம், பிரசுரம் வாங்கிய பிரிவில் 9.8. எதிர்க்க முடியாமல் போனவள் மேல் இதனால் பழி வந்துவிடக் கூடாது என்பதையும் அந்தப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்கிறார்கள். நம் கல்லூரிகளில் நடப்பது எந்த வகை என்று உங்களுக்கே தெரியும். ஒரு பேச்சாளர், ஒரு பொன்னாடை, ஒரு நன்றியுரை.

மாணவியின் கதைக்கு வருகிறேன். ஒரு பீரியடு என்றதை நான்கு வெள்ளிக்கிழமைகளாக மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டாள். அவர் முதலில் முகம் சுளித்தாராம், பிறகு சரி என்றாராம். முதல் வெள்ளியில் பிள்ளைகள் இல்லை, பெற்றோர் மட்டும். பதினோரு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் வந்தார்கள். இரண்டாவது வாரம் உறுப்புகளின் பெயர். பிள்ளைகள் ஐந்து நிமிடம் சிரித்தார்கள், ஆறாவது நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் நடிப்பு. நான்காவது வாரம் பள்ளியின் வரைபடமும் கலர் பென்சிலும்.

அவளும் மற்ற ஆசிரியர்களும் கழிப்பறைப் பக்கம்தான் சிவப்பு விழும் என்று நினைத்திருந்தார்கள். அங்கேயும் விழுந்தது. ஆனால் இருபத்தேழு பிள்ளைகளில் பத்தொன்பது பேர், படிப்பகமாக இருந்து இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறைக்குச் சிவப்பு தீட்டியிருந்தார்கள். சாயங்காலம் வெளி ஆட்கள் அந்தத் திண்ணையில் வந்து உட்காருகிறார்களாம். நான்கரை மணிக்குக் கிளம்பிவிடும் ஆசிரியர்கள் யாருக்கும் அது தெரியாது. இப்போது கம்பிக் கதவு போட மனு கொடுத்திருக்கிறார்கள். அதுவரை முறை வைத்து ஐந்து மணி வரை ஒருவர் இருக்கிறார்கள்.

போன வாரம் மறுபடியும் போன். "டீச்சர், யாராவது வந்து சொல்லிட்டா, நான் முதல்ல என்ன சொல்லணும்? பதட்டத்துல எனக்கு வாய் குளறிடும். எழுதிக் கொடுங்களேன்."

எழுதினேன். கையில் இருக்கும் வேலையைக் கீழே வை. 'நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன்மேல தப்பே இல்ல' என்று சொல். துருவித் துருவிக் கேட்காதே, அது சொல்கிற வரைக்கும் கேள். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணாதே, ஏனென்றால் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். 1098. பள்ளிக் கல்வித் துறையின் 14417. தாளை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அதை அச்செடுத்து வருகைப் பதிவேட்டின் உள் அட்டையில் ஒட்டியிருக்கிறாள். நேற்று படம் அனுப்பினாள். என் கையெழுத்து இன்னும் கரும்பலகைக்கு எழுதுவது போலப் பெரிது பெரிதாகத்தான் இருக்கிறது.